பொய்க் கியர்

பவதாரணிக்கு அன்று காலையிலிருந்து கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள். மாடித் தொட்டியை நிரம்பி வழியவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஏனக்கா, தண்ணி ரோட்டுல போகுதுங்க" என்று சொன்ன பிறகுதான் மோட்டாரை அணைத்தாள். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்து போனது. வயிற்றுக்குள் ஓர் உண்மையை வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் நடமாடினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

அவள் புருஷன் பூபதி பஸ் டிரைவர். கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கும் பஸ். வழியில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பதினெட்டு நாளுக்கு முன்னால், காலை முதல் நடையில், கீழேயிருந்து எண்ணினால் முப்பத்தேழாவது வளைவில், மூடுபனிக்குள் அவன் பஸ் தடுப்புச் சுவரை இடித்துச் சாய்ந்தது. ஒரு சில்வர் ஓக் மரம் தாங்கிக்கொண்டதால் நாற்பத்தொரு பேர் காயத்தோடு தப்பினார்கள். சன்னலோரம் உட்கார்ந்திருந்த பழனிமுத்து தப்பவில்லை. ஐம்பத்தெட்டு வயது, மிளகு விற்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்த மனுஷன்.

பூபதிக்கு நெற்றியில் நாலு தையல். விசாரணையில் அவன் மேல்தான் தப்பு என்று முடிவானால் லைசென்ஸ் போகும். அதோடு போகாது, இரண்டு வருஷமாவது உள்ளே இருக்க வேண்டும் என்றார் வக்கீல்.  பதினாறாம் நாள் காரியத்துக்குப் பூபதி யாரிடமும் சொல்லாமல் மலையேறிப் போய், பழனிமுத்து வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். அவர்கள் திட்டவில்லை, இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார்களாம். திரும்பி வந்து அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

பவதாரணி வயிற்றில் இருந்த உண்மை இதுதான். பூபதி ஆறு வருஷமாக ஓட்டிய பஸ்ஸின் கியர் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

பஸ்களெல்லாம் பேட்டரிக்கு மாறியபோது கியரும் கிளட்சும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கம்ப்யூட்டர் ஓட்டியது, டிரைவர் கூட இருந்தார். கையும் காலும் சும்மா இருந்தால் கண் எத்தனை நேரம் விழித்திருக்கும்? மலைச்சாலையில் தூங்கினார்கள், சினிமா பார்த்தார்கள், இரண்டு பஸ்கள் பள்ளத்தில் போயின. அரசாங்கம் விழித்துக்கொண்டு ஒரு விதி போட்டது. மலைச்சாலையில் ஓட்டுநர் கிளட்சையும் கியரையும் இயக்க வேண்டும், அப்போதுதான் கவனமும் பழக்கமும் விட்டுப் போகாது என்று. நல்ல விதிதான். அந்தக் கியர் வண்டியை இயக்க வேண்டும் என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டைக்குள் பஸ் கம்பெனி முழு பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு போனது.

கிளட்ச் வைத்தார்கள், கியர் வைத்தார்கள். டிரைவர் மிதிப்பதையும் மாற்றுவதையும் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும், கேட்டுவிட்டுத் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்யும். ஆனால் கியர் விழும்போது கையில் ஒரு தட்டு தட்டும், கிளட்ச் பிடிக்கும்போது சீட்டுக்கடியில் லேசாக அதிரும், எஞ்சினே இல்லாத வண்டியில் எஞ்சின் உறுமும். டிரைவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே தூங்கிவிடுவார்களே. அந்தக் கம்பெனியில், அந்தத் தட்டையும் அதிர்வையும் உறுமலையும் செய்த பிரிவில்தான் பவதாரணி எட்டு வருஷமாக வேலை பார்த்தாள். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். கட்டிய புருஷனும் அவள் கணக்கில் வெளியாள்தான் என்பது கையெழுத்துப் போட்ட அன்று உறைக்கவில்லை.

பத்தரை மணிக்கு மேலாளர் ரங்கராஜ் கூப்பிட்டனுப்பினார். ரங்கராஜ் கெட்டவர் இல்லை. வேலைக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

"உக்காருங்க மேடம். அண்ணன் எப்படி இருக்காரு? தையல் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சுங்க சார்." அவள் உட்காரவில்லை. "சார், அன்னைக்கு பஸ்ஸுல பதிவானதை நான் பாத்தேன்."

ரங்கராஜ் கதவைப் பார்த்தார். "பாத்திருப்பீங்கன்னு தெரியும்."

"பனியில கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியல. வண்டியை அவருகிட்ட விட்டுருச்சு. பதினோரு செகண்டு கியர், கிளட்ச், பிரேக் எல்லாமே நெசம், அவரு போட்டபடிதான் வண்டி கேக்கும். முதல் செகண்டுல கிளட்ச மிதிச்சிருக்காரு. மிதிச்ச கால் எடுக்கவே இல்ல. இறக்கத்துல கிளட்ச மிதிச்சுக்கிட்டே இருந்தா மோட்டார் பிடி விட்டுப் போயிரும், வண்டி தன் பாரத்துக்கு ஓடும். பிரேக்கு ஒம்பதாவது செகண்டுலதான் போட்டிருக்காரு."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். வண்டியை அவரு கையில குடுத்தாச்சு, அவரு ஓட்டியிருக்கணும்."

"குடுத்தது அவருக்கு எப்படித் தெரியும்? மஞ்சள் லைட்டு ஒண்ணு எரியும். அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? 'சென்சார் சுத்தமாகிறது, காத்திருக்கவும்'னு எழுதியிருக்கு. எழுதுனது நான்தான்."

அது அவளை அரித்துக்கொண்டிருந்த இன்னொன்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் அந்த விளக்குக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேள்வி வந்தது. 'இப்போது வண்டி உங்கள் கையில்' என்று எழுதினால், அப்படியானால் இதுவரை யார் கையில் இருந்தது என்று டிரைவர் கேட்பாரே! மேடம், உங்களுக்குத் தமிழ் நல்லா வருமே, பதமா ஒண்ணு எழுதுங்க என்றார் ரங்கராஜ். அவளும் பதமாக எழுதிக் கொடுத்தாள். எல்லோரும் டீ குடித்தார்கள்.

ரங்கராஜ் பெருமூச்சு விட்டார். "பாருங்க மேடம், விசாரணை பண்ற அதிகாரி அம்மா ஒரு பரீட்சை வைக்கறாங்களாம். பழைய டீசல் பஸ்ல, அதே மலையில, அண்ணன் வண்டியை இறக்கிக் காட்டணும். நல்லபடியா இறக்கிட்டாருன்னா, நம்ம ஏற்பாடு பழக்கத்தைக் காப்பாத்தியிருக்குன்னு அர்த்தம். அண்ணன் மானமா இருக்கலாம். கேஸு வேற விஷயம், பெரிய வக்கீலா வச்சுப் பாத்துக்கலாம். அண்ணன் நல்லா ஓட்டுவாருல்ல?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் "ஓட்டுவாருங்க" என்றாள். சொல்லிவிட்டு நேராக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, விசாரணை அதிகாரி தங்கியிருந்த பயணியர் மாளிகைக்குப் போனாள். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று வண்டியை ஓரங்கட்டினாள்.

அதிகாரி ஜெசிந்தா ஐம்பது வயதுக்காரி. மேசை முழுக்கக் காகிதம், காகிதத்துக்கு மேல் பாதி சாப்பிட்ட இட்லி. பவதாரணி கியர் கதையையும் விளக்குக் கதையையும் கையெழுத்துப் போட்டதையும் மூச்சு விடாமல் சொன்னாள். ஜெசிந்தா அத்தனையையும் எழுதிக்கொண்டாள்.

"உங்க வேலை போயிரும், தெரியுமில்ல?"

"தெரியுங்க மேடம்."

"சரி. பொய் சொல்லி வண்டி ஓட்ட வச்சது தனிக் குற்றம். அதுக்குக் கம்பெனிக்கு அபராதம் உண்டு, கட்டிட்டுப் போயிருவாங்க. ஆனா ஒரு உயிர் போயிருக்கு. அதுக்கு யார் பொறுப்புங்கறது வேற கேள்வி. கம்பெனி என்ன சொல்லும்? பொய்க் கியரா இருந்தாலும் தினமும் போட வச்சோம், கை பழக்கம் அப்படியே இருக்கு, நெசமான கியர் கையில வந்தப்போ அவர் ஓட்டியிருக்கணும்னு சொல்லும். உங்க வீட்டுக்காரர் பரீட்சையில நல்லா ஓட்டிட்டா, அது உண்மைன்னு ஆயிரும். பழி அவர் மேல."

"நல்லா ஓட்டலைன்னா?"

"ஆறு வருஷம் பொம்மைக் கியரைக் குடுத்து ஒரு டிரைவரோட தொழிலையே கெடுத்துட்டாங்கன்னு நான் எழுதலாம். அப்ப பொறுப்பு கம்பெனி மேல. எல்லா பஸ்ஸையும் அன்னைக்கே நிறுத்தலாம்." ஜெசிந்தா இட்லித் தட்டை நகர்த்தினாள். "இதுல நான் உங்களுக்கு எந்த யோசனையும் சொல்லலை. புரியுதா?"

பவதாரணிக்கு நன்றாகவே புரிந்தது. உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் இப்படி வேண்டியிருக்க மாட்டாள். புருஷன் ஊர் பார்க்கத் தோற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பூபதி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். வேலை இல்லாத நாளிலிருந்து துணியெல்லாம் அவன் பொறுப்பாகிவிட்டது. பவதாரணி அவன் பக்கத்தில் போய் நின்று, வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறி, மறுபடி வாளியிலேயே போட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க பஸ்ஸுல இருக்கற கியர் இருக்குதில்லீங்களா, அது…" அதே துண்டை மறுபடி எடுத்தாள். "அது நெசமில்லீங்க. சும்மா. வண்டியை அது ஓட்டல."

பூபதி ஒரு சட்டையின் தோளைச் சரிசெய்து கிளிப் மாட்டினான். "தெரியும்" என்றான்.

அவளுக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது.

"மொத வாரமே தெரியும் புள்ள. நான் லாரி ஓட்டும்போது கையில ஏதோ பட்டை கட்டிவிட்டு, ஆபீஸ் வேலைன்னு ஒரு மாசம் அளவு எடுத்தியே, ஞாபகம் இருக்குதா? அந்த லாரியில மூணாவது கியர் போட்டா ஒரு இடறு இடறும், பல்லு தேஞ்சு போய். புது பஸ்ஸு, அப்பத்தான் பொட்டு வச்சு விட்டிருக்காங்க, மூணாவது போட்டா அதே இடறு. ஒரு வண்டியோட நோவு இன்னொரு வண்டிக்கு எப்படி வரும்?"

பவதாரணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த இடறலை அவள்தான் வேண்டுமென்றே விட்டுவைத்தாள். வழுவழுவென்று விழும் கியரை எந்த டிரைவர் நம்புவான் என்று கூட்டத்தில் வாதாடி வேறு விட்டுவைத்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருப்போம். இவள் பிள்ளையாரையே பிடித்துவிட்டாள், அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்டக் கேக்கலை?"

"நீ சொல்லலை. சொல்லக் கூடாதுன்னு இருக்கும்னு விட்டுட்டேன். உன்னைக் கேட்டு நீ பொய் சொல்ற மாதிரி ஆயிட்டா, அதுக்கப்புறம் வீட்டுல எப்படி இருக்கறது?"

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் பரீட்சையைச் சொன்னாள், ஜெசிந்தா சொன்னதைச் சொன்னாள். "நாளன்னைக்கு நீங்க நல்லா ஓட்டக் கூடாதுங்க. கிளம்பும்போதே ரெண்டு தடவ ஆஃப் பண்ணிருங்க. கியரை மாத்திப் போடுங்க. பக்கத்துல உக்காரற ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டருக்குத் தனியா ஒரு பிரேக் இருக்குது, அவரு நிறுத்திக்குவாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்க தப்பிச்சிருவீங்க. மத்த வண்டியெல்லாம் நின்னுரும். உங்களுக்கு மானக்கேடுதான். எனக்காகப் பொறுத்துக்குங்க."

பூபதி கடைசித் துணியையும் போட்டு முடித்தான். "எத்தனை மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க?" என்று கேட்டான்.

"எட்டு மணிக்கு. செம்மேட்டுல."

"சரி, போலாம்."

அந்தச் 'சரி'யை அவள் இரண்டு நாள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இருந்தும் தூக்கம் வரவில்லை. டிரைவர் மனசு அவளுக்குத் தெரியாதா? ஊரார் முன்னால் வண்டி ஆஃப் ஆனால் செத்துப் போகலாம் என்று நினைக்கிற ஜாதி அது.

செம்மேட்டில் அன்று வெயில் சுள்ளென்று அடித்தது, பனி பேருக்கும் இல்லை. சேலத்து டிரைவிங் பள்ளி ஒன்றிலிருந்து பழைய டீசல் பஸ் வந்து நின்றது. நிஜக் கியர், நிஜக் கிளட்ச், நிஜக் கரும்புகை. ரங்கராஜ் காரில் வந்து இறங்கினார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் காட்டினார், பூபதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பதட்டப்படாம ஓட்டுங்க. நாங்க எல்லாம் உங்க பின்னாடிதான்" என்றார். சத்தியமாக மனதாரச் சொன்னார். பூபதியை ஜெயிலுக்கு அனுப்பப் போகிற ஓட்டம் நல்லபடி அமைய வேண்டும் என்று ரங்கராஜ் வேண்டிக்கொண்டிருக்க, பெண்டாட்டிக்காரி நாலடி தள்ளி நின்று எட்டுக்கை அம்மனைக் கும்பிட்டாள். தாயே, உனக்குத்தான் எட்டுக் கை இருக்கிறதே, அதில் ஒரு கையால் அந்தக் கியரைப் பிடித்துக்கொள்ளேன்.

பஸ்ஸில் மொத்தம் நாலு பேர். பூபதி ஸ்டியரிங்கில், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் தன் தனி பிரேக்கோடு, அவருக்குப் பின்னால் ஜெசிந்தா. கம்பெனிப் பதிவை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று பவதாரணியையும் ஏற்றிக்கொண்டார்கள். அவள் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றாள்.

பூபதி சாவியைத் திருப்பினான். வண்டி குலுங்கியது, அணைந்தது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று ஆயிற்று, இன்னும் ஒன்று போதும்.

இரண்டாவது முறை திருப்பினான். கிளட்ச் மெல்ல மேலே வந்தது. வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. சட்டியில் வைத்த தண்ணீர்கூட அலம்பாது, அப்படி ஒரு நகர்வு. பவதாரணி கண்ணைத் திறந்தாள். எட்டு வருஷம் இந்த நகர்வைத்தான் அவள் கம்பிச்சுருளாலும் காந்தத்தாலும் செய்து பார்த்தாள். ஒருநாளும் இப்படி வந்ததில்லை.

மேல் வளைவுகளில் இறக்கம் தொடங்கியது. பூபதி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கியரைக் குறைத்தான். வளைவுக்குள் போன பிறகு குறைக்கவில்லை, முன்னாலேயே குறைத்தான். கிளட்சை மிதித்தான், கியரைத் தள்ளினான், அடுத்த கணமே காலை எடுத்தான். எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் முதல் பத்து வளைவுக்குத் தன் பிரேக் மேல் காலை வைத்திருந்தார். அப்புறம் காலை எடுத்துச் சப்பணம் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சரி என்று சொன்னாரே! இந்த வீம்புக்கா இரண்டு வருஷம் ஜெயில்? கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து இன்னும் ஆத்திரம் வந்தது.

முப்பத்தேழாவது வளைவில் சுவர் இன்னும் உடைந்தேதான் கிடந்தது. சில்வர் ஓக் மரத்தில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பூபதி மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினான். காலை எடுத்தான். வண்டி வளைந்து தாண்டியது. அவன் மரத்தைப் பார்க்கவில்லை.

அடிவாரம் காரவள்ளியில் வண்டியை ஓரங்கட்டினான். பின்னால் வந்த காரிலிருந்து ரங்கராஜ் ஓடிவந்து கைதட்டினார். "நான் சொல்லலை? பழக்கம் எங்கயும் போகல!" என்று இன்ஸ்பெக்டரிடமும் டீக்கடைக்காரரிடமும் சொன்னார். டீக்கடைக்காரர் என்ன ஏது என்று தெரியாமலே சந்தோஷப்பட்டார்.

ஜெசிந்தா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள், மூடினாள். "பூபதி, உங்க வீட்டுக்காரம்மா எங்கிட்ட வந்து பேசுனது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்கம்மா. நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க." பூபதி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு வண்டி எங்கிட்ட வந்தது எனக்குத் தெரிஞ்சுது. லைட்டைப் பாத்து இல்லீங்க. கிளட்ச மிதிச்சதும் காலுக்குத் தெரிஞ்சுது. ஆறு வருஷமா மூணாவதுல இடறிக்கிட்டே இருந்த கியர் அன்னைக்கு இடறல. வண்டி லேசாயிருச்சு. ஆகா, இது நெசம்னு தெரிஞ்சுது."

பவதாரணி கம்பியை இறுகப் பிடித்தாள்.

"காலை எடுத்திருந்தா பிடிச்சிருக்கும். அது எனக்குத் தெரியாதா? எடுக்கலை. இத்தனை வருஷம் நான் என்ன பண்ணாலும் அது பாத்துக்கிச்சு. தப்பாப் போட்டாலும் பாத்துக்கிச்சு. இப்பவும் பாத்துக்கும், வாங்கிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு செகண்டா காத்துக்கிட்டு இருந்தேன்ம்மா. அது வரவே இல்லை. ஓட்டத் தெரியும். ஓட்டணும்னு தோணலை."

ஜெசிந்தா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு" என்றாள். "ஓட்டத் தெரியும். ஓட்டத் தெரியாது. நீங்க சொன்னதுக்குக் கட்டம் இல்லை. பின்னால வெள்ளைத் தாள்ல எழுதி வைக்கறேன். அதை யாரும் படிப்பாங்களான்னு தெரியாது." முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

அவர்கள் இறங்கிய பிறகு பவதாரணி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அடிக்கலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"மொத தடவ ஆஃப் ஆச்சே. அப்படியே விட்டிருக்கலாமில்லீங்க? எனக்காக விட்டிருக்கலாமில்ல?"

"அது நானா பண்ணுனது புள்ள, உனக்காகத்தான். அதுக்கப்புறம் வண்டி இறக்கத்துல நின்னுச்சு. உள்ள நாலு பேரு இருந்தீங்க. தோக்கணும்னா மறுபடியும் நான் கையக் கட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கறவரு பாத்துக்குவாருன்னு உக்காந்திருக்கணும்." அவன் சாவியைக் கழற்றினான். "ஒருக்கா அப்படி உக்காந்ததுக்கே ஒரு ஆளு போயிட்டாரு."

 அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரங்கராஜ் யாருக்கோ போனில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவின் காகிதம் சென்னைக்குப் போய், மேசை மேசையாக உட்கார்ந்து எழுந்து, ஏதோ ஒரு நாள் பதில் வரும். அதுவரைக்கும் இதே பொய்க் கியரோடு கம்பெனியின் மற்ற முப்பத்தொன்பது பஸ்கள் இந்த மலையிலும் அந்த மலையிலுமாக ஏறி இறங்கும். அவள் எழுதிய பொய் ஒவ்வொன்றிலும் தமிழில் ஒட்டியிருக்கும்.

நாமக்கல்லிலிருந்து கம்பெனி பஸ் ஒன்று வளைந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே கூட்டம், மேலே பாட்டுச் சத்தம். பவதாரணி நடுரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் தூக்கி நின்றாள். பஸ் தானாகவே அழகாக வேகம் குறைத்து, அவளுக்கு மூன்றடி முன்னால் நின்றது. ஓட்டியவன் தருண், இருபத்தெட்டு வயது, பூபதியோடு மாற்றி மாற்றி ஷிஃப்ட் பார்த்தவன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையை மட்டும் கியர் மேல் வைத்திருந்தான்.

"மேடம்! ரோட்டை விட்டு வாங்க!" என்று ரங்கராஜ் கத்துவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் டிரைவர் சன்னலுக்குப் போனாள்.

"தருணு, உன் கியர் பொய். அது வண்டியை ஓட்டல."

அவன் பயந்து பின்னால் பயணிகளைப் பார்த்தான். குனிந்து, தாழ்ந்த குரலில், "தெரியும்க்கா" என்றான். "எல்லாத்துக்கும் தெரியும். மெதுவாப் பேசுங்க, உள்ள ஆளு இருக்கறாங்க."

 முப்பத்தொன்பது பஸ்ஸின் டிரைவர்களுக்கும் தெரியும். அத்தனை பேரும் தினமும் கியர் போட்டுக்கொண்டு, அது பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இது உனக்குத் தெரியாது, கேளு. அந்த மஞ்சள் லைட்டு எரிஞ்சா சென்சார் கழுவலடா. அது கையை விட்டுருச்சுன்னு அர்த்தம். அப்ப கியரும் நெசம், பிரேக்கும் நெசம். வண்டி உன்னுது. வேற யாரும் பாத்துக்க மாட்டாங்க. நான்தான் மாத்தி எழுதினேன்."

தருண் கை கியரிலிருந்து தானாக எடுபட்டது. "எப்பக்கா எரியும்?"

"பனி வந்தா எரியும். மழை அடிச்சா எரியும். எப்பன்னு சொல்ல முடியாது."

அவன் மலையை அண்ணாந்து பார்த்தான். உச்சியில் லேசாக மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ, "ஏப்பா, வண்டியை எடுப்பா, நேரமாகுது" என்றார்கள். தருண் பாட்டை நிறுத்தினான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு குனிந்து சீட்டுக்கடிக் கொக்கியை விடுவித்து, கிளட்சும் பிரேக்கும் காலுக்கு நன்றாக எட்டும்படி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.